ஆஸ்பத்திரிச் சீட்டும் தலையெழுத்தும்

இருதயம் பலவீனப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் தீர்ந்து வீடு போன ஒருவர், ஒரு மாதத்திற்குள் அதே திணறலோடு திரும்பத் தூக்கிக்கொண்டு வரப்பட்டால், நம் ஜனங்கள் சொல்லும் காரணம் என்ன? "அவன் தலையெழுத்து" என்பார்கள். "சனி இன்னும் விடவில்லை" என்பார்கள்.

அமெரிக்காவிலும் இந்த வியாதியால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாளைக்குள் திரும்பி வந்தார்களே, அங்கேயும் சனிதானா? அந்நாட்டுச் சர்க்கார் கிரகத்தைப் பார்க்கவில்லை, கணக்கைப் பார்த்தது. அளவுக்கு மீறி நோயாளிகள் திரும்பிவரும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் 2012 அக்டோபர் முதல் பிடித்தம் செய்தது. (இந்த அபராதத்தைக் கண்டிக்கும் வைத்திய நிபுணர்களும் அங்கேயே உண்டு.) இதைவிட முக்கியமானது, பல தேசங்களில் நடந்து 2022-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. வீடு சென்றவர்களை ஆறு வாரத்திற்குள் பலமுறை வரவழைத்துச் சோதித்து, மருந்தைச் சீக்கிரம் முழு அளவுக்கு உயர்த்தினார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் இருதயக் கோளாறால் திரும்பச் சேர்ந்தவர்களும் வழக்கமான முறையில் 100-க்கு 23 பேர். இந்த முறையில் 15 பேர். அந்த எட்டுப் பேரின் தலையெழுத்தை அழித்தது எந்தக் கடவுள்?

இது நிற்க. நம் ஆஸ்பத்திரிகளில் நடப்பதென்ன? அனுப்பும்போது ஒரு சீட்டு, அதுவும் பெரும்பாலும் இங்கிலீஷில்! புரோகிதன் சொல்லும் மந்திரத்திற்கு அர்த்தம் கேட்ட நாம், இந்த மந்திரத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு பேசாமல் போவானேன்? டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கூட்டம் அப்படி. ஆனால் சொல்லவேண்டிய சங்கதி ஐந்து நிமிஷத்துச் சங்கதிதானே! தினம் காலையில் சாப்பிடுமுன் எடை பாருங்கள்; மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர்; மூச்சு முட்டும்வரை காத்திராமல் உடனே வாருங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம். வீக்கம் வடிந்துவிட்டதென்று நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

இதைச் சமைக்கிறவரை உட்காரவைத்துச் சொல்லவேண்டும். ஆண்பிள்ளையிடம் சொன்னால் சட்டைப் பையோடு சரி. நோயாளியே பெண்ணாயிருந்தாலோ, ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டு மிச்சத்தைத் தின்கிறவளுக்கு உப்பைக் குறைத்துச் சமைத்துப்போட எந்தப் புருஷன் அடுப்படிக்குப் போகிறான்?

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்பதை 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' காட்டிவிட்டது. அதேபோல் இருதய நோயாளி வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு நர்ஸை எடைக் கருவியோடு அனுப்பவும், அந்தச் சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் உத்தரவு போடும்படி சட்டசபையில் கேட்பதற்கு, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகளுக்கு என்ன தடை?