பெயிண்டில் பளபள... உள்ளே என்ன? பழைய சி.என்.சி. மெஷின் வாங்குவோர் உஷார்!

பூதப்பாண்டியில் சின்னப் பட்டறை போட்டவருக்கும் பழைய சி.என்.சி. டூல் கிரைண்டிங் மெஷின் மேல் ஆசை வரலாம். டிரில், எண்ட் மில் முதலிய கார்பைடு வெட்டுக் கருவிகளைத் தீட்டித் தரும் மெஷின் இது. புதிதாக வாங்க சொத்தையே விற்கணும். எனவே கோவைப் புரோக்கரைத் தேடுகிறார்கள்.

சாணைக் கல் சமாசாரம் அல்ல, எல்லாம் மைக்ரான் கணக்கு! மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வெளிநாட்டுப் பழைய மெஷினை இறக்க லைசென்ஸ் வேண்டாம். சுங்கத்துறை சார்ட்டர்டு என்ஜினீயர் சான்று கேட்கும். அதை மட்டும் நம்பிப் பணம் கட்டலாமா? கூடவே கூடாது. ஸ்பிண்டிலில் சூடு, சத்தம் உண்டா, பால் ஸ்குரூ ஆடுதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கணும்.

பெரிய வில்லங்கம் கண்ட்ரோலில்தான். குடோனில் கரண்ட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் பேட்டரி தீர்ந்து பாராமீட்டர் அழிந்துபோகும். பேக்கப் இல்லையா? காயலான் கடை விலைதான்! சாஃப்ட்வேர் சாவியான 'டாங்கிள்' விரல் நீளம்தான். அது தொலைந்தாலும் மெஷின் ஊமை.

இன்னொரு கூத்து. ஜப்பானின் தொஷிபா மெஷின் கம்பெனி, நீர்மூழ்கிக் கப்பல் விசிறி கடையும் மெஷின்களை 1982-83-ல் சோவியத் யூனியனுக்குக் கள்ளத்தனமாகக் கொடுத்தது. 1987-ல் அம்பலமாகி அமெரிக்கா கொதித்தது. பிறகு ஏற்றுமதிக் கெடுபிடி கூடியது. இன்று இடம் மாற்றினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் மெஷின்களும் உண்டு. தயாரித்த கம்பெனிதான் திறக்கணும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு டூலைக் கண்ணெதிரே தீட்டிக் காட்டச் சொல்லுங்க, அண்ணாச்சி. "கரண்ட் கனெக்ஷன் இல்லை" என்று சாக்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருங்க!