வயதன்று, காவலே அளவுகோல்

நுழையும்முன்

கையில் உள்ள கணினி குறையின்றி இயங்குகிறது. ஆயினும், ‘உங்கள் பதிப்பு பழையது, புதியதற்கு மாறுக’ என்று திரை அறிவிக்கிறது. மாறுவதா? இருப்பதே போதுமா? விருப்பு வெறுப்பினால் இவ்வினாவுக்கு விடை காண இயலாது. எதை அளவுகோலாகக் கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஓர் ஏரியைக் கண்டால் அஃது எந்த நூற்றாண்டில் வெட்டப்பட்டது என்று வரலாற்று ஆய்வாளர் கேட்பார். அதன் நீரை நம்பி நாற்றுவிடும் உழவர் கேட்பது வேறு. கரை உறுதியாக உள்ளதா, மதகு செம்மையாக மூடுகிறதா, கலிங்கு அடைபடாமல் இருக்கிறதா என்பனவே அவருடைய வினாக்கள். சோழர் காலத்து உத்திரமேரூரில் ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஊரார் கூடிக் கரைகட்டித் தூர்வாரும் பணி குடிமராமத்து எனப்பட்டது. பன்னூறாண்டு கடந்த ஏரியும் பராமரிப்பு இருந்தால் பாசனம் தரும்; நேற்று வெட்டிய ஏரியும் கவனிப்பாரற்றுப் போனால் பெருமழையில் உடையும்.

கணினியின் இயங்குதளத்தையும் இணைய உலவியையும் அந்த உழவரின் கண்கொண்டு நோக்க வேண்டும் என்பதே என் கருத்து. ‘இது பழையதா, புதியதா?’ என்பது இரண்டாவது வினா. ‘இதனை இன்றும் எவரேனும் காத்து வருகின்றனரா?’ என்பதே முதல் வினா.

காவல் என்பது யாது?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று அனைத்தையும் ஒழுங்குபடுத்துவது இயங்குதளம். இணையப் பக்கங்களைப் பெற்று வந்து நம் கண்முன் விரிப்பது உலவி. இரண்டுமே பல இலட்சக்கணக்கான வரிகளால் ஆன நிரல்கள். மனிதர் எழுதிய இத்தனை வரிகளில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றுள் சில, அயலார் நுழைவதற்கு வழிவிடும் ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. அவை கண்டறியப்படும்போதெல்லாம் மென்பொருளை உருவாக்கியோர் திருத்தங்களை வெளியிடுகின்றனர். இதுவே மென்பொருளுக்கான காவல்.

இக்காவலுக்குக் கால எல்லை உண்டு. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 வரை திருத்தங்களை வழங்கியது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. எல்லை நாள் கடந்த பின்னும் கணினி முன்போலவே இயங்கும். இதுதான் பலரை ஏமாற்றுகிறது. கரையில் விழுந்த விரிசல் நீருக்குத் தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

இயங்குதளம் காவலை இழந்தால் உலவியும் நாளடைவில் இழக்கும். குரோம் உலவியின் 109ஆம் பதிப்பே விண்டோஸ் 7இல் இயங்கக்கூடிய இறுதிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வெளிவந்த 110ஆம் பதிப்பை அவ்வியங்குதளத்தில் நிறுவ இயலாது. நாம் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் தேர்வு விண்ணப்பத்தின் விவரங்களையும் உள்ளிடுவது உலவியின் வழியாகவே என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

ஒரு பெருந்தாக்குதல் கற்பித்தது

2017 மே 12 அன்று ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது கணினிகளில் உள்ள கோப்புகளைப் பூட்டிவைத்து, அவற்றைத் திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. சில மருத்துவமனைகள் அவசர ஊர்திகளை வேறிடங்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கலாம் என்ற மதிப்பீட்டை அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் வெளியிட்டது.

பழைய விண்டோஸ் எக்ஸ்பியை வைத்திருந்ததால்தான் இத்துன்பம் நேர்ந்தது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஆய்வின் முடிவோ வேறாக இருந்தது. அம்மருத்துவச் சேவையில் பாதிக்கப்பட்ட கணினிகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இருந்தது விண்டோஸ் 7. அந்நாளில் அது காவல் எல்லைக்குள் இருந்த இயங்குதளமே. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கடந்தும் அது அக்கணினிகளில் நிறுவப்படவில்லை.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. காவல் எல்லை கடந்த மென்பொருள் ஆபத்தானது என்பது ஒன்று. காவல் எல்லைக்குள் இருப்பதும் தன்னளவில் போதாது. வழங்கப்படும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியது பயன்படுத்துவோரின் கடமை என்பது மற்றொன்று. மண்ணும் கல்லும் கரையோரம் வந்து குவிந்திருந்தாலும், எடுத்து அடைப்பாரின்றி உடைப்பு அடைபடாது.

பழமையின் பக்கம் உள்ள நியாயம்

அப்படியானால் புதியது வந்தவுடன் மாறிவிடுவதே அறிவுடைமையா? அவ்வாறு கூறிவிட முடியாது. பழையதை விட மறுப்போர் அனைவரும் அறியாமையால் மறுப்பவர் அல்லர். அவர்கள் கூறும் காரணங்களில் நியாயம் உண்டு.

முதலாவது, செலவு. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, தன்னை நிறுவுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிச் சில்லுகளையும் கோருகிறது. செம்மையாக இயங்கும் கணினிகள் பல இந்நிபந்தனையால் விலக்கப்படுகின்றன. ஒரு குடும்பத்தில் பல மாதச் சேமிப்பால் வாங்கிய கணினியை, அது கெடுவதற்கு முன்பே ‘தகுதியற்றது’ என்று அறிவிப்பது எளிதில் ஏற்கத்தக்கதன்று.

இரண்டாவது, சூழல். ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் உருவான மின்னணுக் கழிவு 62 மில்லியன் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. இயங்கும் கருவியை எறிவது இம்மலையை மேலும் உயர்த்தும்.

மூன்றாவது, புதியதும் பிழை செய்யும். 2024 ஜூலை 19 அன்று ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. வானூர்திப் பயணங்களும் மருத்துவமனைப் பணிகளும் தடைபட்டன. காக்க வந்த புதுப்பிப்பே முடக்கிப் போட்டது. ஆகவே, பல கணினிகளைக் கொண்ட நிறுவனங்கள் புதுப்பிப்பை முதலில் சிலவற்றில் சோதித்துப் பின்னர் மற்றவற்றுக்குக் கொண்டு செல்வதும், கோப்புகளுக்குப் படி எடுத்து வைப்பதும் இன்றியமையாதன.

இந்நியாயங்களை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், இவை அனைத்தும் கருவியைக் கைவிடாமல் இருப்பதற்கும், மாற்றத்தை நிதானமாகச் செய்வதற்கும் உரிய காரணங்கள். காவலற்ற மென்பொருளோடு இணையத்தில் உலவுவதற்கு உரிய காரணங்கள் ஆகா.

தமிழ் கண்ட அனுபவம்

இச்சிக்கலில் தமிழுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், தமிழ் இணையதளங்கள் பல தத்தமக்கெனத் தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களைக் கையாண்டன. அவ்வெழுத்துரு நம் கணினியில் இல்லையெனில் பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தனுப்பும் நுட்பமும் உலவிக்கு உலவி வேறுபட்டது. ஓர் உலவியில் தெளிவாகத் தெரிந்த தமிழ், மற்றோர் உலவியில் சிதைந்தது.

அக்காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலகின் உலவிப் பயன்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பெற்றிருந்தது. போட்டி இன்மையால் 2001இல் வெளிவந்த அதன் 6ஆம் பதிப்புக்கும் 2006இல் வெளிவந்த 7ஆம் பதிப்புக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையே 2004இல் வந்த ஃபயர்பாக்ஸும், பின்னர் 2008இல் வந்த குரோமும் பொதுத்தரங்களைப் பின்பற்றி முன்னேறின. எழுத்துக்கு ஒரு பொதுத்தரமாக ஒருங்குறி நிலைபெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. இன்று எந்த நாட்டில் எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் புதிய இயங்குதளங்களும் உலவிகளும் அப்பொதுத்தரத்தை ஏற்றமையே.

இப்பணி முடிந்துவிடவுமில்லை. முந்திரி, காணி முதலிய பழந்தமிழ்ப் பின்ன அளவுகளின் குறியீடுகள் 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0இல்தான் இடம்பெற்றன. அவற்றுக்கான எழுத்துரு இல்லாத பழைய கணினியில் அவை வெறும் கட்டங்களாகத் தோன்றும். நம் முன்னோர் ஏட்டில் எழுதிய மிகப் பழைய குறியீட்டைக் காண மிகப் புதிய மென்பொருள் தேவைப்படுகிறது. பழமைக்கும் புதுமைக்கும் பகை இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

பழைய கருவி, புதிய காவல்

கருவியும் மென்பொருளும் ஒன்றல்ல. ஒன்றைப் பேணிக்கொண்டே மற்றொன்றை மாற்றலாம். இதற்கு வழி காட்டுவன திறந்த மூல இயங்குதளங்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை இன்று உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடிப் பேணி வருகின்றனர். மென்பொருள் உலகின் குடிமராமத்து என்றே இதனைச் சொல்லலாம். குறைந்த நினைவகத்திலும் இயங்கும் லினக்ஸ் வகைகள் பல உள்ளன. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினிகள் பலவற்றில், திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் லினக்ஸை விலையின்றி நிறுவ இயலும்.

இது தமிழ்நாட்டு மாணவர்க்கு அயலான செய்தியன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. இரண்டு கதவுகள் திறந்திருந்தும் நம்மில் பலர் ஒன்றன் வழியாக மட்டுமே சென்று வந்தோம்.

சில பணிகளுக்கு உரிய செயலிகள் லினக்ஸில் கிடைப்பதில்லை என்பதும் உண்மையே. பழைய அச்சுப்பொறிக்கோ, ஆய்வகக் கருவிக்கோ பழைய இயங்குதளம் கட்டாயம் தேவைப்பட்டால், அக்கணினியை இணையத்தோடு இணைக்காமல் அப்பணிக்கு மட்டும் வைத்துக்கொள்வதே முறை.

நாம் கேட்க வேண்டியவை

கணினியையோ திறன்பேசியையோ தெரிவு செய்யும்போது நான்கு வினாக்களை எழுப்புவோம். இதன் இயங்குதளத்துக்கு எந்த நாள் வரை திருத்தங்கள் கிடைக்கும்? இதன் உலவியின் அண்மைப் பதிப்பு இதில் இயங்குமா? என் பணிக்குத் தேவையான செயலிகள் இதில் உள்ளனவா? இது நின்றுபோனால் என் கோப்புகளின் படி வேறிடத்தில் உள்ளதா? திரையின் பொலிவையும் வண்ணங்களின் கவர்ச்சியையும் பற்றிய ஆராய்ச்சி இவற்றின் பின்னரே வர வேண்டும்.

பொறுப்பு நம்மோடு முடிவதில்லை. ஒரு கருவிக்கு எத்தனை ஆண்டுகள் காவல் உண்டு என்பதை, உணவுப் பொருளின் காலாவதி நாளைப் போல, விற்கும்போதே உறையின் மீது அச்சிட வேண்டும். பொதுமக்களுக்கான இணையச் சேவைகள் ஒரே உலவியை மட்டும் நம்பி அமைக்கப்படக் கூடாது. இன்று குரோம், எட்ஜ், ஓபரா ஆகிய உலவிகள் மூன்றும் குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின் மீது நிற்கின்றன. பெயர்கள் பலவாயினும் அடித்தளம் ஒன்றாகிவிட்டால், முன்பு நேர்ந்த தேக்கம் மீண்டும் நேரலாம். எனவே, ஃபயர்பாக்ஸ் போன்ற மாற்று உலவிகளிலும் தம் சேவை இயங்குகிறதா என்று சோதிப்பது பொதுநிறுவனங்களின் கடமையாகும்.

புதியதை வாங்க இயலாதவர் காவலின்றி விடப்படுவதும், வாங்க இயன்றவர் மட்டும் காக்கப்படுவதும் நேர்மையான இணையத்துக்கு அழகல்ல. ஏரிக்கரையில் ஓரிடத்தில் உடைப்பு ஏற்பட்டால் வெள்ளம் கரையோர வயலோடு நின்றுவிடுவதில்லை. வலையால் பிணைந்த கணினிகளுக்கும் இது பொருந்தும். ஒரு கணினியின் வழியே புகுந்த தீநிரல், அதனோடு இணைந்த அனைத்தையும் தேடிச் செல்லும். ஆகவே, தன் கணினியைப் புதுப்பித்து வைப்பவர் தன்னை மட்டுமன்றித் தன்னோடு இணைந்திருப்போரையும் காக்கிறார். அக்கடமையை இன்றே நம் வீட்டுக் கணினியிலிருந்து தொடங்குவோம்.