வீடா, காடா என்று கேட்காதீர்கள்

மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் தோட்டம் துண்டாடப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் அழுது முடிக்கவில்லை. அழுவதில் தப்பில்லை. ஆனால் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பவை. ஷா ஆலமில் 56 உறுப்பினர்களோடு ஒரு சட்டமன்றம் இருக்கிறது. அங்கே போய் நம் தலைமுறை என்ன கேட்டிருக்கிறது?

நான் பொறியாளன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சொந்த வீடு என்பது என் வயதுக்காரர்களுக்கு விளம்பரப் பலகையில் பார்க்கிற சமாச்சாரம். இந்த நிலையில் காட்டைக் காப்பாற்றச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: “அப்புறம் உனக்கு வீடு எங்க கட்டுறது தம்பி?”

இந்தக் கேள்வியே ஏமாற்று. 2020 பிப்ரவரியில் கோலலங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் ஏறக்குறைய 930 ஹெக்டரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் வெளியானது. தண்ணீரைத் தேக்கி வைக்கும் சதுப்புக் காடு அது. தெமுவான் பூர்வகுடிகளின் வாழ்விடம். அங்கே வரவிருந்தது கலப்பு வணிக மேம்பாடு. உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகும் வீட்டுக்காகவா அந்தத் திட்டம்? எதிர்ப்பு வலுத்தது. அதே ஆண்டு நவம்பரில் காட்டைக் காக்கச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அதன் பிறகும் ஒரு பகுதியை நீக்க மாநில அரசு ஒப்புதல் கொடுத்திருந்தது 2021 ஆகஸ்டில் அம்பலமானது. மக்கள் விடவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி மந்திரி பெசார் அதை ரத்து செய்தார். ஆக, கேட்டால் நடக்கும். சும்மா இருந்தால் தீர்மானம்கூட வெறும் காகிதம்.

நிலத்தைக் கொடுத்தால் வீடு வந்துவிடும் என்பவர்கள் தெங்கிலுக்குப் போய்ப் பாருங்கள். பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் வாழ்ந்த கிட்டத்தட்ட 400 குடும்பங்களை தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சுவரில் விரிசல். தரைவீடு கேட்டு அவர்கள் போராடியது பல ஆண்டுகள். தலைநகரம் மட்டும் நேரத்துக்கு எழும்பியது.

நோயின் வேர் பணத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணை மாநிலங்களுக்கு விட்டிருக்கும் வருமானத்தில் முக்கியமானது நிலம், சுரங்கம், காடு. நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால் மாநிலத்துக்குப் பிரீமியம் கிடைக்கும். காடு நின்றுகொண்டே இருந்தால் கஜானாவுக்கு என்ன வரும்? இதற்காகத்தான் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. 2019 பட்ஜெட்டில் நாடு முழுமைக்கும் 6 கோடி ரிங்கிட். 2025 பட்ஜெட்டில் 25 கோடி. கூடியிருக்கிறது, சரி. ஆனால் எல்லா மாநிலமும் பங்குபோட வேண்டிய பணம் அது.

கேட்க வேண்டியது இரண்டுதான். நிலப் பிரீமியத்தில் ஒரு நிலையான பங்கை, வாடகை வீடுகளும் சேர்த்து, ஏழைகளின் குடியிருப்புக்கு ஒதுக்கச் சட்டம் போடுங்கள். காட்டுக்கு வரும் பணம் எங்கே செலவாகிறது என்று சட்டமன்றத்தில் கணக்குக் காட்டுங்கள்.

நவம்பரில் மாநில பட்ஜெட் வரும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் எங்கே என்று அம்மாவிடம் கேளுங்கள், சொல்வார். தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்கும் அதே இடம்தான். அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கேள்வியையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.