பங்களாவின் பின்கட்டு

கோடையின் கடைக்கூற்றில் திண்டுக்கல் நகரில் தங்கியிருந்தோர் அதன் வெம்மையை எளிதில் மறவார். அக்கினி நட்சத்திரம் கழிந்துவிட்டதென்று பஞ்சாங்கம் கூறும். மலைக்கோட்டைப் பாறையோ பகலெல்லாம் உண்ட வெயிலை இரவெல்லாம் உமிழ்ந்துகொண்டு நிற்கும். மேற்கே பழனி மலைத்தொடரில் முகில் கூடும். தென்கிழக்கே சிறுமலை நீலமாய்த் தோன்றும். இடைப்பட்ட சமவெளிக்கு வருவது புழுதிக் காற்று ஒன்றே. யாழ்ப்பாணத்தினின்று 1834ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள், அதற்கடுத்த ஆண்டு முதல் இந்நகரிலும் குடியிருக்கத் தொடங்கின. அவர்கள் நிறுவிய பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் புகழ்ந்து எழுதுவோர் பலர். அவர்தம் இல்லற வாழ்வைப் பற்றி எழுதுவோர் சிலர். அவ்வில்லத்தைத் தாங்கி நடத்திய நம்மவரைப் பற்றி எழுதுவோர் இலர் என்றே கூறலாம். இக்குறை நீங்குதல் வேண்டும் என்பதே எனது கருத்து.

மிஷன் பங்களாவின் ஒருநாள் வாழ்வைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம். வெயில் ஏறுமுன்னரே தாழ்வாரத்தில் முன்ஷியார் அமர்ந்து, புதிதாய் வந்த துரைக்கும் அம்மாளுக்கும் ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துச் சொல்லக் கற்பிப்பார். அதே தாழ்வாரத்தின் மறுகோடியில், காய்ச்சற் பிள்ளையை மடியிலிட்ட தாய்மார் மருந்துக்குக் காத்திருப்பர். துரை ஊர்ப்புறங்களுக்குச் சென்றபின், பள்ளிப் பெண்களின் தையல் வகுப்பு, சமையற்காரரின் அன்றாடக் கணக்கு, பிள்ளைகளின் பாடம் ஆகிய அனைத்தும் அம்மாளின் பொறுப்பாகும். நண்பகலில் வாயில்களில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டிகளுக்கு ஒருவர் நீர் தெளிப்பார். மற்றொருவர் பங்கா இழுப்பார். தனியே அமைந்த சமையலறையின் அனலில் ஒருவர் ரொட்டி சுடுவார். பின்கட்டில் ஆயா குழந்தையைத் தாலாட்டுவாள். முன்கட்டின் வாழ்வு பின்கட்டின் உழைப்பினாலேயே நடந்தது.

அக்குடும்பங்கள் இன்பமே நுகர்ந்தன என்று எண்ணுதல் தவறு. தொடக்கக் காலத்தில் காலராவும் காய்ச்சலும் அவர்களுள் பலரை வாரிக்கொண்டன. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படுமுன், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த பாய்க்கப்பல்களில் அமெரிக்கா மிகவும் தொலைவிலிருந்தது. இங்கே ஒரு குழந்தை இறந்த செய்தி அங்கிருந்த பாட்டிக்கு எட்டுவதற்குள் பல திங்கள் கழிந்துவிடும். உடல்நலம் நாடி அவர்கள் முதலில் அருகிலுள்ள சிறுமலையில் தங்கிப் பார்த்தனர்; அங்கும் மலேரியாக் காய்ச்சல் விடவில்லை. பின்னரே ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள கோடைக்கானலை நாடி, 1845ஆம் ஆண்டில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு வீடுகளை அங்கே அமைத்தனர். இன்று உல்லாசப் பயணிகள் திரளும் மலைநகரம் உயிருக்கு அஞ்சி ஏறியவர்களால் தோன்றியதென்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

ஆயினும் அம்மலைக்கு அவர்கள் எவ்வாறு ஏறினார்கள்? இருப்புப்பாதை 1875இல் இப்பகுதிக்கு வருமுன்னர், இரவெல்லாம் மாட்டு வண்டியில் சென்று, பெரியகுளத்திற்கு அப்பாலுள்ள அடிவாரத்தை அடைவர். ஆண்கள் குதிரைமீது ஏறுவர். பெண்டிரையும் பிள்ளைகளையும் நாற்காலியில் வைத்துத் தோளிற் சுமந்து சென்றோர் நம் நாட்டுக் கூலியாட்கள். பெட்டியும் படுக்கையும் பாத்திரமும் அவர்கள் தலைமீதே ஏறின. குளிர்ந்த மலையில் சுமையை இறக்கியபின், அன்னோர் மீண்டும் வெயிலுக்கே இறங்கினர். சமவெளியிலிருந்த நாட்டுப் போதகர்களும் உபதேசியார்களும் ஆசிரியர்களும் அவர்தம் மனைவி மக்களும் கோடை முழுவதையும் கீழேயே கழித்தனர். காலரா நிறம் பார்த்து வருவதன்று. மலைக்குச் செல்லும் உரிமையோ நிறத்தையும் பொருளையும் பார்த்தே வந்தது. இதனைக் கூறுதல் நன்றி மறத்தலாகாது. மறைத்தல் உண்மைக்குப் பிழையாகும்.

அக்குடும்பங்களின் துயரங்களுள் மிகக் கொடியது பிள்ளைகளைப் பிரிதல். கல்வியின்பொருட்டு மக்களைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் அவர்தம் முகங்காணாது தாய்மார் வாழ்ந்தனர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரும், சிறுமியாயிருந்தபோது அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டவரே. அப்பிரிவின் கசப்பினால், தாம் ஒருபோதும் மிஷனரியாவதில்லை என்று அவர் உறுதிகொண்டிருந்தார். பின்னர் நோயுற்ற அன்னைக்குத் துணையாகத் திண்டிவனத்திற்கு வந்திருந்தபோது, ஓரிரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் பெண்களுக்கு உதவி கோரினர். ஆண் மருத்துவரை அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை, அம்மூவரும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவராக்கியது; 1900இல் வேலூர்ப் பணி தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டு கோடைக்கானலில் 13 பிள்ளைகளுடன் ‘ஹைகிளார்க்’ என்னும் பள்ளி திறக்கப்பட்டபின், மிஷனரிகளின் மக்கள் பலர் இந்நாட்டிலேயே கற்க வழி பிறந்தது.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஆயாவை மறத்தல் இயலாது. அன்னையிடம் ஆங்கிலம் கேட்ட அதே செவிகள், ஆயாவிடம் தமிழையும் கேட்டு வளர்ந்தன. வெண்டைக்காய் வாங்கும் பேரத்தையும், தாலாட்டையும், விடுகதையையும், கோபத்திற் பிறக்கும் வசையையும் எந்த முன்ஷியார் கற்பித்தார்? மதுரை மிஷனரி ஒருவரின் மகனாய் 1849இல் பிறந்த ஜே. எஸ். சாண்ட்லர் என்பார் அமெரிக்காவிற் கல்வி கற்று, தாமும் மிஷனரியாக மீண்டு, 1913இல் தமிழ்ப் பேரகராதிப் பணிக்குப் பதிப்பாசிரியரானார். அவர் 1922இல் ஓய்வு பெற்றபின், வையாபுரிப் பிள்ளை முதலிய அறிஞர்களின் உழைப்பால் முற்றுப்பெற்ற அவ்வகராதி, 1,00,000 சொற்களுக்கு மேல் கொண்டது. புலவர்களும் பண்டிதர்களும் அதற்கு ஆற்றிய தொண்டை அறிவோம். பிறமொழிப் பிள்ளைகளின் நாவில் தமிழை முதன்முதல் இட்ட பின்கட்டுப் பெண்டிருக்கு எந்த முகவுரையிலும் இடமில்லை.

இவ்வாறு கூறுவதை இரு சாரார் மறுக்கக்கூடும். “அந்நியர் ஆட்சியின் நிழலில் வாழ்ந்தோரின் குடும்பத் துயரம் நமக்கேன்?” என்பர் ஒருசாரார். பிறர் துயரை அளக்குமுன் நிறம் கேட்பதானால், நாம் எதிர்த்த வழக்கத்தையே நாமும் கைக்கொண்டவராவோம். “தொண்டு செய்தோரின் புகழில் வேலைக்காரர் பேச்சைக் கலப்பானேன்?” என்பர் மறுசாரார். 1859இல் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த திண்டுக்கல் டாக்டர் செஸ்டரின் புகழ், அவருடைய வண்டியை ஓட்டியவரின் பெயரைச் சொல்வதால் குறைந்துவிடுமா? ஒரு விளக்கினின்று மற்றொன்றை ஏற்றினால் முன்னதன் ஒளி குன்றுவதில்லை.

துரைமாரின் பெயர்கள் கல்லறைகளிலும் கட்டிடங்களிலும் ஆண்டறிக்கைகளிலும் உள்ளன. அவர்தம் மனைவியரின் பெயர்கள் பெரும்பாலும் கணவரின் பெயருக்குள் மறைந்துள்ளன. ஆயாவும் சமையற்காரரும் முன்ஷியாரும் வாழும் இடம் அவர்தம் பேரப்பிள்ளைகளின் நினைவு ஒன்றே. அந்நினைவும் முதியோரோடு நாள்தோறும் மறைந்து வருகின்றது.

ஆதலின், மாணவ நண்பர்காள், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, திண்டுக்கல்லிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உள்ள முதியோரிடம் சென்று அமருங்கள். ‘உங்கள் பாட்டி எந்தப் பங்களாவில் வேலை செய்தார்? என்ன கூலி பெற்றார்? அம்மாள் மலைக்குச் சென்ற மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பெரிந்ததா?’ என்று கேளுங்கள். நன்மொழியாயினும் கடுமொழியாயினும் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பழைய மாணவர்களும் தம் குடும்பத்தில் வழங்கும் செய்திகளை எழுதி அனுப்புவாராக. அடுத்த ஆண்டு மலரில், ஓர் ஆயாவின் பெயரேனும் அவளுடைய ஊர்ப்பெயரோடு அச்சேறுமாயின், நம் கல்லூரி தான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்த்ததாகும்.