பயிற்சி எந்த ஊரில் நடக்கிறது?

அறுகம்பேயில் நடுச்சாமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் முதலில் பொத்துவில் ஆதார வைத்தியசாலை. சிக்கலென்றால் அம்புலன்ஸ் கோமாரி, திருக்கோவில் கடந்து அக்கரைப்பற்றுக்கு ஓடும். அங்கும் கைவிரித்தால் கல்முனை, அதற்கப்பால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. பொத்துவிலிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். "வீ.ஓ.ஜீ. (மகப்பேற்று நிபுணர்) இருக்காரா?" என்ற கேள்வியோடுதான் இந்தப் பாதையில் குடும்பங்கள் போகின்றன.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் வெளிநாடு போனது எல்லோரும் அறிந்தது. நம் கிழக்குக் கரையின் நிபுணர் பற்றாக்குறை அதற்கும் மூத்தது. நிபுணர்களை உருவாக்குவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். பயிற்சிக் காலத்தில் சம்பளம் தருவது அரசு. அந்த ஆண்டுகள் பெரும்பாலும் கொழும்பு, கண்டி, காலி போன்ற இடங்களின் பெரிய வைத்தியசாலைகளில் கழிகின்றன. கல்யாணம், வீடு, பிள்ளைகளின் பாடசாலை எல்லாம் அங்கேயே அமைந்துவிடுகின்றன. பிறகு கல்முனைக்கு நியமனம் வந்தால், வருகிறவர் அடுத்த இடமாற்றப் பட்டியலைப் பார்த்தபடியே வருகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பயிற்சி நடக்கும் இடமே வைத்தியரைத் தங்கவைக்கிறது: அமெரிக்காவில் நிபுணத்துவப் பயிற்சி முடிக்கும் வைத்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே தொழில் செய்கிறார்கள். அதனால்தான் டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் புதிய பயிற்சி இடங்களுக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொட்டுகின்றன. நமக்கும் வேண்டியது இதுதான்: கிழக்கிலேயே நடக்கும் பயிற்சிக்கென்று ஒதுக்கிய நிதி, பதிவாளர்களுக்கும் (பயிற்சி பெறும் வைத்தியர்களுக்கும்) பயிற்றுநர்களுக்கும் தங்குமிடம், மட்டக்களப்போடு சேர்ந்த பயிற்சிச் சுழற்சி. குடும்ப மருத்துவப் பயிற்சியில் சில மாதங்களாவது பொத்துவிலில் கழியட்டும்.

"அங்கே நோயாளர் போதாது, கற்பிக்க ஆளில்லை" என்பார்கள். கற்பிக்க ஆள் வேண்டும் என்பது நியாயம். பயிற்றுநருக்கான கொடுப்பனவிலிருந்துதான் தொடங்க வேண்டும். நோயாளர் போதாது என்பதை ஏற்கமாட்டேன். கல்முனை என்ற ஒரே நகரில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் நிற்கின்றன. முஸ்லிம்களுக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று என்று நாமே மனதில் கோடு கிழித்து வைத்திருக்கிறோம். இரண்டின் வார்டுகளையும் ஒரே பயிற்சி அலகாக எண்ணிப் பாருங்கள். ஒரு பதிவாளர் பார்க்க வேண்டிய பிரசவங்களும் சத்திரசிகிச்சைகளும் அங்கே இருக்கும். இந்தக் கோரிக்கையை இரு சமூகத்து அரசியல்வாதிகளும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு சுகாதார அமைச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே.