புதுக் குழுவுக்கு மாலையும் வேண்டாம், மண்ணை வாரித் தூற்றவும் வேண்டாம்

நாலு இளைஞர்கள் சேர்ந்து ஒரு ராக் குழு தொடங்கினால் அதைப் பற்றி ஏடுகளில் இரண்டே விதமாகத்தான் எழுதப்படுகிறது. ஒன்று, "உலகைக் கலக்க வந்த புயல்" என்று தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடுகிறோம். இல்லையேல், "காது கிழிந்தது" என்று ஒரே வரியில் கை கழுவி விடுகிறோம். இரண்டும் தவறு. இரண்டில் அதிகக் கேடு செய்வது எது என்று கேட்டால், முதலாவதுதான் என்பேன். பகல் முழுதும் ரயில்வேயில் பேரேடு எழுதிவிட்டு மாலையில் செய்தி எழுதுகிற எனக்கு, இதில் பத்திரிகைக்காரர்களின் பங்கு என்ன என்று கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இப்போது புதிதாகக் கிளம்பும் குழுக்களில் பல, கிரஞ்ச், ஷூகேஸ் என்னும் இரண்டு வகை ஒலிகளைக் கலந்து வாசிக்கின்றன. மேல்நாட்டில் தொடங்கிய இந்தப் பழக்கம் நம் நாட்டு நகரங்களுக்கும் வந்துவிட்டது. பெயர்கள் நம்மில் பலருக்குப் புதியவை. ஆகவே அவை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கசடும் காலணியும்

கிரஞ்ச் என்றால் கசடு, அழுக்கு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரைச் சுற்றி 1980களில் வளர்ந்த இசை இது. கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவார்கள். சரணம் அடங்கிப் போகும். பல்லவி வந்ததும் வெடிக்கும். வீட்டில் போட்டிருந்த சட்டையோடு மேடையேறுவார்கள். நிர்வாணா என்ற குழு இதை உலகறியச் செய்தது.

ஷூகேஸ் என்றால் காலணியை உற்றுப் பார்த்தல். இது இங்கிலாந்துப் பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர். இந்த வகைக் கிதார்காரரின் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒன்றை மிதித்தால் ஒலி கிழியும். இன்னொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். வேறொன்றை மிதித்தால் கோயில் மண்டபத்தில் கேட்பதுபோல் பரவும். எதை எப்போது மிதிப்பது என்று குனிந்து பார்த்தபடியே வாசிப்பார்கள். அதனால் அந்தப் பெயர். பாடுகிறவரின் குரல் வாத்தியங்களுக்கு மேலே நிற்காது, அவற்றுக்குள்ளேயே கரைந்திருக்கும்.

நம் நாதசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பார் அல்லவா? அந்த ஒத்தை இரண்டு மூன்று மின்சாரக் கிதார்களில் பெரிதாக்கி, அதன் நடுவே மெல்லிய குரல் ஒன்றை விட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் ஷூகேஸ்.

நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' இசைத்தட்டு 1991 செப்டம்பரில் வந்தது. ஷூகேஸ் இசையின் சிகரம் என்று சொல்லப்படும் 'லவ்லெஸ்' அதே ஆண்டு நவம்பரில் வந்தது. டப்ளினில் பிறந்த மை பிளடி வேலண்டைன் என்ற குழுவின் படைப்பு அது. இரண்டுக்கும் இடையே இரண்டு மாதம்கூட இல்லை.

ரெடிங் ஊர்ப் பிள்ளைகள்

லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்றொரு ஊர். அங்கே 1989ஆம் ஆண்டில் நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் காஸ்வெல் என்னும் பால்ய நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஸ்லோடைவ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். இருவருக்கும் அப்போது இருபது வயது நிரம்பவில்லை. கிரியேஷன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி உடனே அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. 1990இல் முதல் சிறு தட்டு வந்ததுமே லண்டன் இசை வார ஏடுகள் புகழ்ந்து தள்ளின.

அந்தப் புகழே அவர்கள் தலைக்கு மேல் கடனாக ஏறியது. 1991இல் முதல் முழுத் தட்டு வந்தபோது, "இவ்வளவுதானா?" என்று அதே ஏடுகள் கேட்கத் தொடங்கின. 1993இல் 'சவ்லாக்கி' என்ற இரண்டாம் தட்டு வந்தது. பிரயன் ஈனோ என்ற பெரிய இசை மேதையே இரண்டு பாடல்களில் கை கொடுத்திருந்தார். என்ன பயன்? இதை மறுபடி கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய குளியல் தொட்டியில் மூழ்கி மூச்சுத் திணறிச் சாவதே மேல் என்ற பொருளில் ஒரு விமர்சகர் எழுதினார். அந்தத் தட்டு இன்று ஷூகேஸ் இசையின் தலைசிறந்த தட்டுகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது என்பதை அவர் அன்று அறியமாட்டார்.

1995இல் மூன்றாம் தட்டு வந்த கையோடு கம்பெனி அவர்களைக் கழற்றி விட்டது. நாகரிகம் மாறிவிட்டது என்றார்கள். அமெரிக்காவிலிருந்து கிரஞ்ச் வந்தது. இங்கிலாந்தில் பிரிட்பாப் வந்தது. கிரியேஷன் கம்பெனியின் கையிலேயே ஒயாசிஸ் என்ற பொன்முட்டை இடும் வாத்து இருந்தது. ஸ்லோடைவ் கலைந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், பழைய ஐந்து பேரும் மீண்டும் மேடை ஏறினார்கள். 2017இல் புதிய தட்டு வந்தது. 2023இல் இன்னொன்று வந்து, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 1990களில் அவர்களுடைய எந்தத் தட்டும் முதல் முப்பதுக்குள் வந்ததில்லை. குழு கலைந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் இன்று கச்சேரிக்கு வருகிறார்கள்.

சுபமாக முடிந்த கதைதானே என்று சிலர் கேட்கலாம். இல்லை. இருபத்து மூன்று இருபத்து நாலு வயதில் துரத்தப்பட்டு, நாற்பதைக் கடந்து திரும்பி வந்தவர்கள் அவர்கள். இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? திரும்பி வராமலே போன குழுக்கள் எத்தனையோ!

அறுநூற்று ஆறு டாலர்

இதற்கு நேர்மாறான கணக்கையும் பாருங்கள். நிர்வாணா 1987இல் தொடங்கியது. முதல் தட்டான 'பிளீச்' 1989இல் சப் பாப் என்ற சிறிய உள்ளூர்க் கம்பெனி மூலம் வந்தது. அதைப் பதிவு செய்ய ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தையும் ஜேசன் எவர்மேன் என்ற நண்பர்தான் கொடுத்தார். நன்றிக்காக அவர் பெயரையும் வாசித்தவர்கள் பட்டியலில் போட்டார்கள். அந்தத் தட்டில் அவர் ஒரு சுரமும் வாசிக்கவில்லை!

அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் வேனில் ஊர் ஊராகச் சுற்றி, சிறிய அரங்குகளில் வாசித்துத்தான் கை பழக்கினார்கள். 'நெவர்மைண்ட்' வந்து, 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் தட்டைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. அந்த வெற்றிக்குப் பின்னால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நாலு ஆண்டுகள் இருந்தன. தப்பு வாசிக்கவும் திருத்திக்கொள்ளவும் கிடைத்த ஆண்டுகள் அவை. ரெடிங் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அதுதான்.

எதிரிகள் சேர்ந்த கதை

கிரஞ்ச் வந்ததால் ஷூகேஸ் ஒழிந்தது என்று அன்றைக்குத் தீர்ப்பு எழுதினார்களே, அதாவது சரியா? சிகாகோவில் ஸ்மாஷிங் பம்கின்ஸ் என்ற குழு 1993இல் 'சயாமீஸ் டிரீம்' என்ற தட்டை வெளியிட்டது. அதைத் தயாரித்த புட்ச் விக், 'நெவர்மைண்ட்' தயாரித்தவர். அதன் ஒலிகளைக் கலந்து முடித்துக் கொடுத்த ஆலன் மோல்டர், 'லவ்லெஸ்' ஒலிப்பதிவில் வேலை செய்தவர். ஆக, ஏடுகள் இரண்டையும் மோதவிட்டுக்கொண்டிருந்த அதே சமயம், இசைக்காரர்கள் இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பிலடெல்பியாவில் நத்திங் என்ற குழு 2014இல் தன் முதல் முழுத் தட்டை வெளியிட்டபோது அந்தக் கலவை மேலும் தெளிவாகக் கேட்டது. இன்று இளைஞர்கள் எடுத்துக்கொண்டிருப்பது இந்த வழியைத்தான். கிரஞ்சின் கோபமும் ஷூகேஸின் மயக்கமும் ஒரே பாட்டில் வரும். வெடிக்கும், பிறகு பனிபோல் மூடும்.

எதற்கு எது பகை, எது செத்தது, எது பிழைத்தது என்று வாரத்துக்கு வாரம் தீர்ப்புச் சொன்னவர்களின் தீர்ப்பு நிற்கவில்லை. பொறுமையாகக் கேட்டவர்களின் காது நின்றது.

மும்பையில் என்ன செய்யலாம்?

மும்பைக்கு ராக் புதிதல்ல. 1984இல் இங்கே தொடங்கிய ராக் மெஷின் குழு, 1993இல் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வெள்ளைக்காரர் பாட்டைப் பிரதி எடுப்பதே பெருமை என்றிருந்த நாளில் சொந்தப் பாட்டு எழுதத் துணிந்தவர்கள் அவர்கள். 1986இல் பிறந்த இண்டிபெண்டன்ஸ் ராக் விழா, தோபி தலாவிலுள்ள ரங் பவன் திறந்தவெளி அரங்கில் புதியவர்களுக்கு மேடை கொடுத்தது. பக்கத்தில் மருத்துவமனையும் கல்லூரியும் இருப்பதால் அந்த இடம் அமைதி மண்டலமாகி, கச்சேரிகள் நின்றுபோயின.

நோயாளியின் தூக்கம் பாட்டைவிடப் பெரியது. அதில் வாதமில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. இவற்றை மதிக்கத்தான் வேண்டும். வாசிப்பவர்களுக்கும் காது முக்கியம். மை பிளடி வேலண்டைன் 2008இல் மீண்டும் மேடையேறியபோது ரசிகர்களுக்குக் காதடைப்பான் வழங்கியே கச்சேரி செய்தது. ஆனால் ஒரு மேடையை மூடும்போது இன்னொன்றைத் திறக்க வேண்டாமா?

தாராவியில் ராப் இசை வளர்ந்தது. அங்கிருந்து வந்த டோப்டெலிக்ஸ் குழு 2018இல் 'காலா' படம்வரை போனது. ராப்புக்கு வாயும் கைபேசியும் இருந்தால் தொடங்கிவிடலாம். ராக் அப்படியல்ல. டிரம் செட்டை வைத்தாலே சால் வீட்டின் பத்துக்குப் பத்து அறை நிரம்பிவிடும். சுவருக்கு அப்பால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். ஏழை வீட்டுப் பையனுக்குக் கிதாரைவிடக் கிடைக்காத பொருள், கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க ஓர் அறை.

இங்கேதான் நம் தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் உதவ முடியும். கலியாணமோ கூட்டமோ இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைப் பகலில் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் மெல்லிசைக் குழு சினிமாப் பாட்டுப் பாடுவதற்கு முன், சொந்தப் பாட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம். அவர்கள் தமிழில் எழுதி வந்தால் இன்னும் சந்தோஷம். பாட வைத்துவிட்டு வெறும் சால்வையோடு அனுப்பாமல், வாத்தியம் ஏற்றி வந்த டெம்போ வாடகையையாவது கொடுக்க வேண்டும்.

அப்படியானால் குறையே சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். எந்தப் பாட்டில் தாளம் தளர்ந்தது, எது வேறொருவர் பாட்டின் சாயல், குரல் அமுங்கியது அவர்கள் விரும்பியா அல்லது மைக் வைத்தவர் கவனிக்காததாலா என்று கேட்டு எழுதினால் அது அவர்களுக்கும் உதவும், வாசகருக்கும் உதவும். "அடுத்த நிர்வாணா" என்று எழுதுவதும், "உருப்படாது" என்று எழுதுவதும் விமர்சனமல்ல, ஆரூடம். ஆரூடம் சொல்ல ராசிபலன் பகுதி தனியாக இருக்கிறது.

ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டு. முதல் நாள் பேரேட்டில் கூட்டல் தப்பினால் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். முதல் நாள் சரியாகக் கூட்டினான் என்று நிலைய அதிகாரி ஆக்கிவிடவும் மாட்டார்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து செய்யும் பாட்டுக்கும் அந்த அவகாசம் கிடைக்கட்டும். குறைந்தது மூன்று கச்சேரியாவது கேட்ட பிறகு பேனாவை எடுப்போம்.