‘பேக்கப் எடுத்தாச்சு மாமா!’

“பேக்கப் எடுத்துட்டியாடா?”

“எடுத்தாச்சு மாமா. ஃபுல் பேக்கப்!”

“அப்ப சரி, பண்ணு.”

அக்கா மகனோடு போனில் நான் பேசியது இவ்வளவுதான். இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி முடிந்திருக்கும். கேட்காமல் விட்ட கேள்விகளைப் பற்றித்தான் இந்த வாரம்.

அக்காவின் போன் பழசு. கம்பெனியிலிருந்து அப்டேட் வருவது நின்று பல வருடம் ஆகிறது. போன் என்னவோ கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு ஆப்பாக ‘உங்கள் ஆண்ட்ராய்டு பழசு’ என்று கையை விரிக்க ஆரம்பித்தது. பையன் அந்த போனை முன்பே ரூட் செய்துவைத்திருந்தான். ‘புது ஆண்ட்ராய்டு ஏற்றிக் கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும்’ என்று நல்ல எண்ணத்தில்தான் இறங்கினான்.

மதியம் ஏற்றினான். கேமரா சரியாக வேலை செய்யவில்லை. பழையதற்கே திரும்பிவிடலாம் என்று, மெமரி கார்டில் எடுத்துவைத்திருந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்தான். அதே வால்பேப்பர், அதே எஸ்.எம்.எஸ்., அதே வாட்ஸ்அப் உரையாடல்கள். எல்லாம் வந்துவிட்டன என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்தான்.

ராத்திரி அக்கா கேலரியைத் திறந்தாள். காலி. பதறிப்போய் வாட்ஸ்அப்பில் எங்கள் அம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறது. எழுதத் தெரிந்தும் டைப் செய்யப் பிடிக்காமல், எல்லாவற்றையும் குரலாகவே அனுப்புவார். வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு, மாப்பிள்ளைக்கு மாத்திரை வாங்கியாச்சா, மழை பெய்தால் மாடியில் காயும் வடாமை எடு. அந்தக் குரல் செய்திகள் தேதி, நேரத்தோடு வரிசையாக அப்படியே இருந்தன. தொட்டால் மட்டும், ‘இந்த ஃபைல் போனில் இல்லை’ என்றது. பெட்டி இருக்கிறது, குரல் இல்லை.

ஃபுல் பேக்கப் ஏன் ஃபுல் இல்லை?

போனை ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடம், சமையலறை எல்லாம் நம் உபயோகத்துக்கு. ஆனால், மெயின் சுவிட்ச் இருக்கும் அறையின் சாவி வீட்டுக்காரரிடம். அந்தச் சாவியையும் வாங்கிக்கொள்வதுதான் ரூட். இன்று பெரும்பாலும் மேஜிஸ்க் என்ற கருவியைக் கொண்டு இதைச் செய்கிறார்கள்.

கஸ்டம் ரோம் ஏற்றுவது இன்னும் ஒரு படி மேலே. உள்கட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவது. 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் மூடப்பட்டபோது, அதன் வழியில் பிறந்த லீனியேஜ் ஓ.எஸ். இந்த வகையில் பிரபலம். கம்பெனி கைவிட்ட பல போன்களுக்கு உயிர் கொடுத்தது இப்படிப்பட்ட கூட்டு உழைப்புதான். தப்பான வேலையே இல்லை. ஆனால், வீட்டை இடிக்கும் முன்பு சாமான்களை வெளியே எடுத்துவைக்க வேண்டும்.

அதற்கு ரூட் ஆட்கள் நம்புவது டி.டபிள்யூ.ஆர்.பி. என்ற ரிக்கவரி. ஆண்ட்ராய்டு ஓடாத நேரத்தில், போனின் ஒவ்வொரு பகுதியையும் அப்படியே படி எடுத்துவைக்கும். இதற்கு ‘நாண்ட்ராய்டு பேக்கப்’ என்று பெயர். போனின் நினைவகச் சிப்பைக் குறிக்கும் ‘நாண்ட்’டையும் ஆண்ட்ராய்டையும் ஒட்டி வைத்த பெயர்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘டேட்டா’ என்ற வரிக்குப் பக்கத்திலேயே, ‘ஸ்டோரேஜ் நீங்கலாக’ என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதியிருக்கும். ஆப்களின் செட்டிங், எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப்பின் எழுத்து உரையாடல் எல்லாம் டேட்டாவில் அடங்கும். போட்டோ, வீடியோ, டவுன்லோடு, வாட்ஸ்அப்பில் வந்த குரல், படம் எல்லாம் இருப்பது இன்டர்னல் ஸ்டோரேஜில். அது அந்த பேக்கப்பில் சேராது. கருவி ஒளிக்கவில்லை, நாம்தான் படிக்கவில்லை.

“இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ரோம் மாத்தியிருக்கேன் மாமா, போட்டோ ஒண்ணும் போகலையே” என்றான். உண்மைதான். அப்போது அவன் செய்தது சாதாரண ரீசெட். ரிக்கவரியில் அதைச் செய்தால் இன்டர்னல் ஸ்டோரேஜைத் தொடாது. இந்த முறை புது ரோமின் குறிப்பில் ‘ஃபார்மேட் டேட்டா’ செய்யச் சொல்லியிருந்தது. பழைய என்க்ரிப்ஷன் புது ரோமோடு ஒத்துப்போகாதபோது இப்படிச் சொல்வார்கள். அது மொத்தத்தையும் துடைத்துவிடும். அதனால்தான் வெறும் பட்டனாக இல்லாமல், ‘யெஸ்’ என்று எழுத்து எழுத்தாக டைப் செய்யச் சொல்கிறது. டைப் செய்தான்.

‘அழிந்த ஃபைலை மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். என்க்ரிப்ட் ஆன போனை ஃபார்மேட் செய்தால் அதன் பூட்டுச் சாவியே போய்விடுகிறது. மிச்சம் ஏதாவது கிடைத்தாலும் அது வெறும் கிறுக்கல்.

மூன்று கேள்விகள்

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ‘ரோம் மாத்தப் போறேன்’ என்று கிளம்பினால், ‘பேக்கப் எடுத்தியா’ என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் ‘எடுத்தாச்சு’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: அதில் என்னென்ன இருக்கிறது? அது எங்கே இருக்கிறது? திறந்து பார்த்தாயா?

‘என்னென்ன’ என்பதற்கு ஒரு பேப்பரை எடுத்து எழுதிக்கொள்வது நல்லது. என் பட்டியல் இது.

1. போட்டோவும் குரலும்: முதல் வேலை இது. போனைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, இன்டர்னல் ஸ்டோரேஜ் முழுவதையும் காப்பி செய்யுங்கள். கேமரா ஃபோல்டர் மட்டும் போதாது. வாட்ஸ்அப் ஃபோல்டர் பழைய போன்களில் வெளியிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’வுக்குள் போய்விட்டது. தேடிப் பார்த்து எடுங்கள். வாய்ஸ் ரெக்கார்டர் ஃபோல்டரையும் மறக்க வேண்டாம்.

2. வாட்ஸ்அப்: செட்டிங்கில் போய் அன்றைய தேதியில் ஒரு புது பேக்கப் எடுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. அது நிரம்பியிருந்தால் பேக்கப் பல மாதம் முன்பே நின்றிருக்கலாம். கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள். அந்த பேக்கப்பை என்க்ரிப்ட் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்டு, அல்லது 64 இலக்கச் சாவி, பேப்பரில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பேக்கப் இருந்தும் பயனில்லை.

3. நம்பர்களும் எஸ்.எம்.எஸ்ஸும்: கான்டாக்ட் எல்லாமே கூகுள் கணக்கில் சேர்வதில்லை. சில நம்பர்கள் போனில் மட்டும், சில சிம்மில் மட்டும் இருக்கும். கான்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு ஃபைலாக எடுத்துவையுங்கள். எஸ்.எம்.எஸ்ஸுக்குத் தனி பேக்கப் ஆப்கள் இருக்கின்றன.

4. ஓ.டி.பி. காட்டும் ஆப்: கூகுள் ஆதென்டிகேட்டர் போன்றவற்றை நம்பி மெயிலையும் ஆபீஸ் கணக்கையும் பூட்டிவைத்திருப்போம். இன்னொரு போனுக்கு அந்தக் கணக்குகளை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. அவசரத்துக்கான பேக்கப் கோடுகளை எழுதிவையுங்கள். கூகுள் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். புது ரோமில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

5. ஆப்களின் உள்தகவல்: ரூட் செய்த போனுக்கு இருக்கும் பெரிய வசதி இது. ஸ்விஃப்ட் பேக்கப், நியோ பேக்கப் போன்றவை ஓர் ஆப்பை அதன் செட்டிங், கணக்கு, விளையாட்டு என்றால் எந்த லெவல் என்பது உட்பட எடுத்துவைக்கும். சாதாரண போனில் இது நடக்காது. ஆனால், பேங்க் ஆப்களை இப்படி ரீஸ்டோர் செய்ய முயல வேண்டாம். அவை பயன்படுத்தும் ரகசியச் சாவி போனின் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். அதைக் காப்பி செய்ய முடியாது. புதிதாக இன்ஸ்டால் செய்து, சிம்மை வைத்துப் பதிவு செய்வதுதான் வழி.

6. இ.எஃப்.எஸ்.: கேள்விப்படாத பெயராக இருக்கலாம். போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் நெட்வொர்க் சம்பந்தமான தகவல்களும் பல போன்களில் இந்தச் சின்னப் பகுதியில்தான் இருக்கின்றன. இது கெட்டுப்போனால் போன் ஆன் ஆகும், படம் ஓடும், சிக்னல் மட்டும் வராது. சில மாடல்களில் ‘பெர்சிஸ்ட்’ என்ற பகுதியும் முக்கியம். அளவில் மிகச் சிறியவை. ரிக்கவரியில் டிக் செய்து எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். *#06# போட்டு வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் போனின் இ.எஃப்.எஸ்ஸை வாங்கி ஏற்ற வேண்டாம். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.

7. கம்பெனி ஃபர்ம்வேர்: எல்லாம் சொதப்பினால் திரும்பிப் போக, உங்கள் மாடலுக்கும் இப்போதைய வெர்ஷனுக்கும் சரியான ஒரிஜினல் ஃபர்ம்வேரை முன்பே டவுன்லோடு செய்து கம்ப்யூட்டரில் வையுங்கள். போன் ஆன் ஆகாமல் கிடக்கும்போது தேடினால் கை நடுங்கும்.

8. நாண்ட்ராய்டு: இதையெல்லாம் செய்த பிறகு எட்டாவதாக இது. எடுக்கும் முன் ஸ்கிரீன் லாக்கை நீக்கிவிடுங்கள். ரீஸ்டோர் செய்த பிறகு சரியான பின் நம்பரையே போன் ஏற்காமல் அடம்பிடித்த கதைகள் உண்டு. இன்னொன்று, இந்த பேக்கப் அதே பழைய ரோமுக்குத் திரும்பத்தான். பழைய ரோமின் டேட்டாவைப் புது ரோம் மேல் ஏற்றினால், போன் லோகோவைக் காட்டிக் காட்டி அணைந்துகொண்டே இருக்கும்.

எங்கே? திறக்கிறதா?

இரண்டாவது கேள்வி ‘எங்கே’. பலர் பேக்கப்பை அதே போனின் இன்டர்னல் ஸ்டோரேஜில் வைத்துவிடுகிறார்கள். இடிக்கப் போகிற வீட்டின் அலமாரியிலேயே நகைப் பெட்டியை வைப்பது போல. ஃபார்மேட் டேட்டா கொடுத்தால் பேக்கப்பும் சேர்ந்து போகும். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ இன்னொன்று. மெமரி கார்டில் வைத்தால் வேலை தொடங்கும் முன் கார்டைக் கழற்றி டப்பாவில் போடுங்கள். தவறான வரியில் விரல் பட்டால்கூட அது தப்பிக்கும்.

மூன்றாவது, ‘திறக்கிறதா’. கம்ப்யூட்டரில் நாலு போட்டோவைத் திறந்து பாருங்கள். ஒரு வீடியோவை ஓட்டுங்கள். ஒரு குரல் செய்தியைக் கேளுங்கள். ஃபோல்டரில் எத்தனை ஃபைல் என்று போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒப்பிடுங்கள். கேபிள் பாதியில் ஆடி, பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல்களை நானே பார்த்திருக்கிறேன். பத்து நிமிட வேலை இது.

புது போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வரும் போன்களில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியே என்க்ரிப்ட் ஆகிறது. பல மாடல்களில் டி.டபிள்யூ.ஆர்.பி.யால் அதைத் திறக்க முடிவதில்லை. சில மாடல்களுக்கு அந்த ரிக்கவரியே கிடையாது. அங்கே நாண்ட்ராய்டை நம்பிப் பயனில்லை. முதல் ஏழும்தான் துணை. இதுவரை ரூட்டே செய்யாதவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பூட்லோடரைத் திறந்த உடனே போன் தன்னைத்தானே முழுதாகத் துடைத்துக்கொள்ளும். ஆகவே, ரூட் செய்த பிறகு பேக்கப் எடுக்கலாம் என்ற கணக்கு உதவாது. ரூட் போனில் சில பேங்க், யு.பி.ஐ. ஆப்கள் ஓட மறுக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தினமும் பணம் அனுப்பும் போனில் இந்த விளையாட்டு வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் போன் இருந்தால் தாராளமாக.

அக்கா பையனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான்தான் அவனிடம், “உன் தப்பு பாதி, சரின்னு சொன்ன என் தப்பு பாதி” என்றேன்.

பிறகு ஒன்று தோன்றியது. ஒருவர் போனில் அழிந்தது, அனுப்பியவர் போனிலோ குரூப்பில் இருந்த மற்றவர் போனிலோ இருக்கலாம். அம்மாவின் போன் எப்போதோ கைமாறிவிட்டது. ஆனால், குடும்ப குரூப்பில் அம்மா போட்டவை என் போனில் இருந்தன. சித்தி போனிலும் இருந்தன. இரண்டு பேரிடமும் சேர்த்து ஒன்பது கிடைத்தன. வடாம் கிடைத்தது. மாத்திரை கிடைத்தது. அக்காவுக்கு மட்டும் தனியாக அனுப்பிய வத்தக்குழம்பு கிடைக்கவில்லை.

அந்த ஒன்பதும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. பையன்தான் காப்பி செய்தான். முடித்துவிட்டு போன் செய்தான். “எடுத்தாச்சு மாமா” என்று சொல்லவில்லை. “ஒன்பதும் ஓடுது மாமா, கேட்டுப் பாத்துட்டேன்” என்றான்.